மேல்தாடையில் இருப்பவர்

மார்ச் 17, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறுகிறது. லீவு. பல் டாக்டரிடம் ஸ்கேன் முடிவு வாங்கும் வேலை.

முடிவு: மேல்தாடை, இடது முன்பல் இருந்த இடம். எலும்பின் அகலம் 3.1 மி.மீ. அதில் இறக்க வேண்டிய டைட்டானியம் திருகு 3.5. இதை எனக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. கம்பெனியில் நாள் முழுக்க துளையும் தண்டும் அளப்பதுதான் என் வேலை.

பல் போன கதையை டாக்டர் மறுபடி கேட்டார். போன பங்குனி உத்திரம். நாங்கள் தோளில் தூக்கிவந்த எங்கள் தெரு முருகனை மயில் வாகனத்தோடு இறக்கும்போது முன்தண்டு நழுவி என் வாயில் அடித்தது. அன்று பல் விழவில்லை. மெல்ல மெல்லக் கறுத்தது. ஜனவரியில் வேர் பிளந்து, பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கிய இடத்தில் எலும்பும் கரைந்துபோய்விட்டது. மழையில் வரப்பு கரைகிற மாதிரி என்றார் டாக்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். வேகமாகப் பேசுகிறார். பிடித்திருக்கிறது.

முதலில் எலும்பை அகலப்படுத்த வேண்டும். வழி மூன்று.
1. என் கீழ்த்தாடையின் கடைசியில் இருந்து சுரண்டி எடுப்பது. இன்னொரு காயம்.
2. மாட்டு எலும்பில் செய்த தூள்.
3. மனிதர் கொடுத்த எலும்பில் செய்த தூள்.

"நீங்க சைவமா?"

"ஆமா. அதுக்கின்னா?"

"சில பேரு மாட்டோடது வேணாம்பாங்க. அதான் கேட்டேன்."

"மாடு வேணாம். மனுஷனதே போடுங்க."

ஓட்டலில் தோசை சொல்வது போலச் சொன்னேன். ஒப்புதல் படிவம் நாலு பக்கம். கையெழுத்து மட்டும் போட்டேன். படிக்கவில்லை. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். வலி இல்லை, சத்தம்தான். ஈறைத் திறந்து, தூளைக் குழைத்து வைத்து, மேலே மெல்லிய தாள் போல ஒரு சவ்வைப் போர்த்தித் தையல். உள்ளே வைத்தபோது நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது: "மேடம், ரவ உப்புமா மாதிரியே இருக்குது." டாக்டர் முறைத்திருக்க வேண்டும். அப்புறம் பேச்சே இல்லை.

செய்யக்கூடாதவை: கொப்பளித்துத் துப்புதல், உறிஞ்சிக் குடித்தல், முன்பக்கம் கடித்தல், ஒரு மாதம் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குதல். ஓட்டையை மறைக்கக் கொடுத்திருக்கும் கழட்டி மாட்டும் பல்லை டாக்டர் சொல்லும்வரை போடவே கூடாது. அது உள்ளே வைத்ததை அழுத்தும்.

ஒரு மாதம். உத்திரம் இருபத்திரண்டாம் நாள். கேட்கவில்லை. பதில் தெரியும்.

கிளம்பும்போது ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுத்தார். தூள் வந்த புட்டியில் இருந்தது. எச்.பி. 407729. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல பழக்கம். எங்களிடமும் லாட் நம்பர் இல்லாத பீஸ் வந்தால் நேரே ரிஜெக்ட்தான்.

மார்ச் 21, வெள்ளி

உதடு பன்றி மாதிரி. ஐஸ் வைத்து ஐஸ் வைத்துக் கன்னம் மரத்துவிட்டது. பொழுது போகாமல் புட்டியோடு வந்த தாளைப் படித்தேன். பொடி எழுத்து. மூன்றாவது பத்தி.

இறந்த கொடையாளரிடம் இருந்து.

நான் வேறு நினைத்திருந்தேன். இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டிப் போடும் எலும்பு உண்டு. உயிரோடு இருப்பவர்கள் கொடுப்பது. அதுவாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கையெழுத்துப் போட்ட நாலு பக்கத்தில் எழுதியிருந்திருக்கும்.

கழுவி, கொழுப்பு நீக்கி, உலர்த்தி, கதிர்வீச்சில் கிருமி நீக்கி... எல்லாம் ஒழுங்கு. செய்முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது.

அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "உள்ள இன்னாடா வச்சித் தெச்சா?"

"எலும்பு மாதிரி ஒரு பொடி மா."

"கெமிக்கலா?"

"அந்த மாதிரிதான்."

மாமி கட்டிய புடவை நன்றாக இல்லை என்று மாமியிடமே சொல்பவன் நான்; இன்று அம்மாவிடம் மழுப்பினேன்.

மார்ச் 24, திங்கள்

வேலைக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட், வாய் மூடி. ஒரு ஷாஃப்ட்டை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே அளவு. நான்காம் முறையும் அளந்தேன்.

ஆணா, பெண்ணா? வயது? எப்படி? ஸ்டிக்கரில் எதுவும் இல்லை. எங்கள் பீஸில் இரும்பு எந்த உலையில் எந்தத் தேதியில் உருகியது என்பது வரை இருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

தையல் பிரித்தாயிற்று. "அழகா மூடியிருக்குது" என்றார் டாக்டர். கண்ணாடியில் காட்டினார். இளஞ்சிவப்பு. ஒரு நிமிடம் நிம்மதி.

"இது ஒட்டலன்னா?"

"மறுபடி செய்யணும். அப்ப உங்க எலும்பத்தான் எடுக்கணும். இருக்கறதும் கொஞ்சம் கொறையும். அது ஏன் இப்ப? ஒட்டும். நீங்க சும்மா இருந்தா ஒட்டும்."

சும்மா இருந்தால்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலில் சாமி தூக்குபவர்கள் கூட்டம். பதினாறு பேர். தணிகாசலம் மாமா எங்கள் குழுவின் தலைவர். எழுபது வயது. ஒவ்வொரு வருஷமும் போல ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்: "வூட்ல சாவு, பொறப்பு ஏதாவது?" இருந்தால் அந்த வருஷம் தண்டைத் தொடக்கூடாது. சாமி முன்னால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

நான் ஏழாவது ஆள். முன்தண்டு இடது தோள். இருபது வருஷம் அப்பாவின் இடம். அவருக்கு முழங்கால் போனபிறகு ஆறு வருஷமாக என்னுடையது. நான் ஒரு வருஷம் விலகி நின்றால் டில்லி அந்த இடத்துக்கு வருவான். என் பின்னால் தூக்குபவன். வந்தவன் பிறகு போகமாட்டான். நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

"வூட்ல ஏதாவது?"

"இல்ல மாமா."

வீட்டில் இல்லைதான். வாயில்.

டில்லி: "மாமா, அவன் பல்லு செத்துப்போச்சே, அது தீட்டு இல்லியா?" எல்லோரும் சிரிப்பு. நானும் வாயைப் பொத்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வாகனம், மயில், சாமி, பூ, ஐயர் எல்லாம் சேர்த்து எண்ணூறு கிலோ. பதினாறால் வகுத்தால் ஐம்பது. தோளில் இருந்து முதுகெலும்பு, இடுப்பு, கால், தரை. படமும் வரைந்தேன். பாரம் இறங்கும் பாதையில் தாடை எங்கேயும் இல்லை. மூச்சை மட்டும் விட்டு விட்டு எடுத்தால் போதும்.

தூக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி. உத்திரம்

தூக்கினேன். நாலு தெரு. நாதஸ்வரக்காரர் போன வருஷத்தைவிடப் பிரமாதம். தோளில் தோல் உரிந்திருக்கிறது. எப்போதும் உரிவதுதான்.

கழட்டி மாட்டும் பல்லைப் போட்டுக்கொண்டு போனேன். தெரு முழுக்கச் சனம், போன், வீடியோ. முன்தண்டில் நிற்பவன் பொக்கையாகவா நிற்பது. நாலு மணி நேரம்தானே.

இப்போது ஈறு கனமாக இருக்கிறது. அசதியாக இருக்கும்.

ஏப்ரல் 12, சனி

அசதி இல்லை.

காலையில் பல் விளக்கும்போது ஈறின் மேட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி. கடுகளவு. சோற்றுப் பருக்கை என்று நினைத்து விரல் வைத்தேன். போகவில்லை. போன் விளக்கை அடித்து நாற்பது படம் எடுத்தேன். மூடியிருந்தது திறந்துகொண்டிருக்கிறது. உள்ளே போர்த்திய சவ்வு தெரிகிறது.

டாக்டர் ஊரில் இல்லை. போனில், "தொடாதீங்க, மருந்துத் தண்ணிய வாயில வச்சிருந்துட்டு அப்படியே வுட்டுடுங்க, செவ்வாய்க்கிழம வாங்க" என்றார். "பாரம் ஏதாவது தூக்கினீங்களா?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்றேன்.

மத்தியானம் வாஷ்பேசினில் மணி மணியாக இரண்டு துகள். வெள்ளை, மணல் அளவு. ரவை இல்லை. அம்மா ரவை செய்து ஒரு வாரம் ஆகிறது.

குழாயைத் திறக்கக் கை போயிற்று. நிறுத்திவிட்டேன். தண்ணீர் விட்டால் தெருச் சாக்கடைக்குப் போகும். அது ஒரு ஆள். ஈர விரலில் ஒற்றி எடுத்தேன். டிஷ்யூவில் மடித்து, வெர்னியர் அளவுகோலின் பேட்டரி வந்த பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, மேசை இழுப்பறையில். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி. நாக்கிலேயே வைத்து விழுங்கினேன். அம்மா, "பல்லுல படாம துன்ற, மருந்தா அது?"

புள்ளி பெரிதாகவில்லை. பெரிதாகியிருக்கலாம். நேற்றைய படத்தில் விளக்கின் கோணம் வேறு.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், எழுந்து வந்து என் தாடையின் இரண்டு பக்கமும் விரல் வைத்தார்.

"இப்ப ஒரு பாரம் தூக்கற மாதிரி எழுந்திருங்க."

எழுந்தேன்.

"பாத்தீங்களா? பல்லக் கடிச்சீங்க. பாரமே இல்லாம கடிக்கிறீங்க. சாமி தூக்கும்போது?"

'அரோகரா' என்று குரல் வந்ததும் பதினாறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுவோம். பக்கத்து ஆளின் தாடை நரம்பு புடைப்பதை ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். கடித்த கடி முழுக்க அந்தப் பிளாஸ்டிக் பல் வழியாக நேரே புதிய எலும்பின் மேல். நாலு தெரு.

என் படத்தில் தாடையே இல்லை. அளக்காமலே பாஸ் போட்டிருக்கிறேன்.

கொஞ்சம் தூள் போயிருக்கும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, சீழ் வைக்காவிட்டால் தானே மூடலாம். ஜூலையில் ஸ்கேன். அதுவரை எதுவும் தெரியாது. "ஒட்டியிருந்தா அதிர்ஷ்டம்" என்றார். அதிர்ஷ்டம் என்ற சொல்லை ஒரு டாக்டர் வாயில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் அப்பா தறியில் இருந்து எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேராகச் சொல்லிவிட்டேன்.

"பா, என் வாயில வச்சது கெமிக்கல் இல்ல. செத்துப்போன ஒரு ஆளோட எலும்பு. அத வச்சிக்கினுதான் சாமி தூக்கினேன். புண்ணு பிரிஞ்சிக்கிச்சி."

அம்மா சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்த சத்தம். "ஐயோ முருகா. யாருதுடா?"

"தெரியாது."

"எந்த ஊரு? எந்த சாதி?"

"அதெல்லாம் எழுதமாட்டாங்க மா. நம்பர் மட்டும்தான்."

"அதான் சாமி பிரிச்சி வுட்டாரு."

"சாமி இல்ல. பிளாஸ்டிக் பல்லு. நான் போட்டது."

அப்பா டம்ளரைக் கழுவி வைத்தார். அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 16, புதன்

அப்பா காலையில் ஒரே கேள்வி. "தணிகாசலம் கேட்டப்ப இன்னா சொன்ன?"

"வூட்ல ஒண்ணும் இல்லன்னேன். அது நெஜந்தான்."

"அவன் வூட்டப் பத்தியா கேட்டான்?"

தறிக்குப் போய்விட்டார். நாள் முழுக்க நாடா ஓடும் சத்தம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தணிகாசலம் மாமா வந்தார். அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார். மாமா நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"வாயில பொணத்த வச்சிக்கினு முன்தண்டு புடிச்சியாடா?"

"எலும்புத் தூள் மாமா. கால் ஸ்பூன்."

"கால் ஸ்பூன் பொணம்." அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். "ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியாது."

"செத்து எத்தினி நாளாச்சி?"

"அதுவும் தெரியாது. எடுத்து, சுத்தம் பண்ணி, டெஸ்ட் பண்ணி, புட்டில போட்டு... நாள் ஆகியிருக்கும்."

மாமா மேலே பார்த்துக் கணக்குப் போட்டார். நான் பாரம் வகுத்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். "தீட்டுன்றது பங்காளிக்குத்தான். யாருன்னே தெரியாதவன் செத்தா நமக்கு இன்னா தீட்டு? தெருவுல பொணம் போனா குளிச்சிட்டுப் போறோம். அதுல தப்பில்ல." டம்ளரை வைத்தார். "ஆனா கேட்டா சொல்லணும். நான் இன்னாத்துக்கு வருஷா வருஷம் நிக்க வச்சிக் கேக்கறேன்? வர்ற வருஷம் நீ கடைசித் தண்டு. முன்னால டில்லி."

அப்பா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வேறு எதையோ பிடித்துக்கொண்டார்.

"தணிகாசலம், பங்காளி இல்லன்ற. சரி. டாக்டரு இன்னா சொல்றாங்க? இவன் எலும்போட அந்த எலும்பு ஒட்டிக்கினா ஒண்ணாய்டும்ன்றாங்க. அப்ப பங்காளியா இல்லியா?"

"ஒட்டட்டும், பாக்கலாம்."

"ஒட்டிச்சின்னா?"

"ஒட்டிச்சின்னா பங்காளிதான்யா. ரத்தம் கலந்தப்புறம் இன்னா பேச்சு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வழக்கு நடத்தி முடித்தவர்கள் போல. என் முன்தண்டு போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மே 9, வெள்ளி

அக்னி நட்சத்திரம். கரண்ட் போய்ப் போய் வருகிறது. புள்ளி மூடிவிட்டது. மேலே மூடிவிட்டது என்று எழுத வேண்டும். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது.

டில்லி தெருவில் பார்த்து, "மச்சான், முன்தண்டு உன்னுதுதான்டா, நான் சும்மா புடிச்சிக்கினு இருப்பேன்" என்றான். புடிச்சிக்கினே இருப்பான்.

ஜூன் 14, சனி

இரண்டு கனவு. இரண்டிலும் வாயில் இருந்து மணலாகக் கொட்டுகிறது. தின்பது எல்லாம் வலது பக்கம். இடது தாடை இளைத்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். அளந்து பார்த்தேன், இளைக்கவில்லை.

அப்பா ஸ்டிக்கரைக் கேட்டார். கண்ணாடி போட்டு, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். 

ஜூலை 21, திங்கள்

நாளை ஸ்கேன். பஸ்ஸில் ஈறின் போன மாசப் படத்தையும் போன வாரப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

எலும்பின் அகலம் 5 மி.மீ.க்கு மேல் வந்தால் திருகு. 4-க்குக் கீழே என்றால் கீழ்த்தாடையில் கத்தி, மறுபடி முதலில் இருந்து. 4-க்கும் 5-க்கும் நடுவில் என்றால் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பார்.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்கேன் மெஷின் தலையைச் சுற்றி ஒரு சுற்று. பதினைந்து நொடி. முடிவுக்கு ஒன்றரை மணி நேரம். காத்திருந்த இடத்தில் பக்கத்து அம்மா போனில்: "இல்லடி, கட்டறது இல்ல, திருகறதாம். ஆமா, செவுத்துல ஆணி அடிக்கிற மாதிரி."

டாக்டர் கோடு இழுத்து அளந்தார். நான் திரையில் எண்ணைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் முறையாக ஒரு அளவை நான் பார்க்கவில்லை.

"5.4."

மறுபடி அளக்கச் சொன்னேன். 5.4. வேறு இடத்தில்? 5.2. மேலே? 5.6.

"கொஞ்சம் போச்சி. அன்னிக்கி நீங்க சும்மா இருந்திருந்தா ஆறுக்கு மேல இருந்திருக்கும். ஆனா இது போதும். ஒட்டிக்கிச்சி."

"இப்ப இதுல எது என்னுது, எது அவருது?"

"பிரிச்சிச் சொல்ல முடியாது. அவருது மெல்ல மெல்லக் கரையும். அந்த எடத்துல உங்களுது வளரும். சில வருஷம் கழிச்சி அநேகமா எல்லாம் உங்களுதுதான்."

"அவரு?"

"அவரு எடம் பிடிச்சி வச்சாரு. அவ்ளோதான்."

திருகு ஆகஸ்ட் முதல் வாரம்.

வீட்டில் சொன்னதும் அம்மா விபூதி பூசிவிட்டாள். அப்பா, "கரைஞ்சிடுவாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தினி நாள்ல?" வருஷக்கணக்கு என்றேன். காலண்டரைப் பார்த்தார். "நாளன்னிக்கு ஆடி அமாவாச. நீயும் வா. நீ எள்ளு எறைக்கக்கூடாது, நான் இருக்கறேன். சும்மா கூட நில்லு." பிறகு, "பேசின்ல உழுந்துச்சின்னு சொன்னியே, அந்த ரெண்டு மணி இருக்குதா?"

அவரிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். இருந்தது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

மந்தாரம். தூறல் விழும்போல, விழவில்லை. சர்வதீர்த்தக் குளம். ஆறு மணிக்கே படி கொள்ளாத கூட்டம். வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனிக்கு அரை நாள் சொல்லியிருக்கிறேன்.

அப்பா முழங்கால் மடங்காமல் படியில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். தாத்தா, அவர் அப்பா, அவர் அப்பா. அம்மா வழி. பெயர்கள் சொல்லிச் சொல்லி எள்ளும் தண்ணீரும். ஐயர் எழப் போனார்.

"சாமி, இன்னும் ஒருத்தர் இருக்காரு."

"சொல்லுங்க. கோத்திரம்?"

"சிவகோத்திரம்னே வச்சிக்குங்க. எங்க வூட்டு வாயிலதான இருக்காரு."

ஐயருக்குப் புரியவில்லை. பின்னால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். "பேரு சொல்லுங்க, பேரு."

பையில் கை விட்டேன். ஸ்டிக்கர் இல்லை. நேற்றுப் போட்ட பேண்ட்டில் இருக்கிறது. எட்டு எழுத்து. எச்.பி. 40... அதற்குமேல் வரவில்லை. லாட் நம்பர் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பா உள்ளங்கையை நீட்டியபடியே, குளத்தைப் பார்த்துச் சொன்னார்: "எச்சு. பி. நாலு. பூஜ்யம். ஏழு. ஏழு. ரெண்டு. ஒம்போது."

"என்னங்க இது, வண்டி நம்பரா?"

"அதான் சாமி பேரு. நீங்க சொல்லுங்க."

ஐயர் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். பிறகு மந்திரத்தின் நடுவில் அந்த நம்பரை வைத்துச் சொன்னார். அவசரத்தில் இரண்டு ஏழில் ஒன்றை விட்டுவிட்டார். அப்பா நிறுத்தி, மறுபடி சொல்ல வைத்தார். அவர் கையில் கறுப்பு எள், நடுவே வெள்ளையாக இரண்டு மணி. தண்ணீர் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் பேண்ட்டில் இருந்து ஸ்டிக்கரை எடுத்து ஒப்பிட்டேன். எட்டும் சரி.